தொடர்பியலும் விசுவாசமும்

ஊடகமே செய்தி என்ற மார்ஷல் மக்லூஹனின் கருத்து தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலுக்கு வந்து வெகுகாலமாகிறது. தொலைக்காட்சியைத் திட்டவும் இணையத்தைப் புகழவும் அது ஒரே வசதியுடன் நமக்குப் பயன்பட்டிருக்கிறது. அமைப்பியலும் பின்நவீனத்துவமும் பேசப்பட்ட அதே மூச்சில் அவர் பெயரும் சொல்லப்பட்டதால், அவரையும் ஒரு கலகக்கார நவீனச் சிந்தனையாளராகவே நம்மில் பலர் மனத்தில் இருத்திக்கொண்டோம். அவர் 1937இல், தம் இருபத்தைந்தாம் வயதில், கத்தோலிக்க மதத்தில் சேர்ந்தவர். ஏறக்குறைய அன்றாடம் திருப்பலிக்குச் சென்றவர். 1973இல் சமூகத் தொடர்புக்கான வாத்திகன் குழுவுக்கு ஆலோசகராக நியமிக்கப்பட்டவர். இந்தத் தகவல்கள் நம்முடைய மக்லூஹன் சித்திரத்தில் இடம்பெறுவதில்லை. யாரேனும் சொன்னாலும், 'அது அவருடைய சொந்த விஷயம்' என்று ஒதுக்கிவிடுகிறோம். அது சொந்த விஷயம் மட்டும்தானா என்பதே என் கேள்வி.

மக்லூஹன் ஒருவர் மட்டும் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் தொடர்பியல் என்ற அறிவுப்புலத்தின் முன்னோடிகளை வரிசையாகப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. வாய்மொழிப் பண்பாட்டுக்கும் எழுத்துப் பண்பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாக எழுதிய வால்டர் ஓங் ஒரு யேசு சபைத் துறவி. பிரச்சாரத்தைப் பற்றிய ஆழமான நூல்களில் ஒன்றை எழுதிய ழாக் எல்யுல் பிரெஞ்சுச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். இறையியலிலும் ஏராளமாக எழுதியவர். தொடர்பாடலைச் சடங்காகப் பார்க்கச் சொன்ன அமெரிக்கர் ஜேம்ஸ் கேரி ஐரிஷ் கத்தோலிக்கப் பின்னணியில் வந்தவர். தொடர்பாடல் என்ற கருத்தின் வரலாற்றை 1999இல் ஒரு நூலாக எழுதிய ஜான் டர்ஹம் பீட்டர்ஸ் மார்மன் மரபினர். இயற்பியலிலோ பொருளாதாரத்திலோ இப்படி ஒரு பட்டியலைப் போட முடியும். ஆனால் அங்கே விசுவாசத்துக்கும் கோட்பாட்டுக்கும் இடையே கோடு வரைவது சிரமம். இங்கே அது சிரமமில்லை. பல இடங்களில் கோடு ஏற்கெனவே வரையப்பட்டே இருக்கிறது. நாம்தான் பார்க்காமல் தாண்டிப் போகிறோம்.

ஒரு எடுத்துக்காட்டு. மக்லூஹனின் 1964ஆம் ஆண்டு நூலில், மனிதன் தன் கருவிகளில் மயங்கி உணர்விழப்பதைப் பற்றி ஒரு அத்தியாயம் வருகிறது. நீரில் தன் பிம்பத்தைக் கண்டு உறைந்துபோன நார்சிஸஸின் கதையைத்தான் எல்லோரும் அதிலிருந்து மேற்கோள் காட்டுவார்கள். அதே அத்தியாயத்தில் அவர் ஒரு திருப்பாடலையும் எடுத்தாள்கிறார். விக்கிரகங்களுக்கு வாய் உண்டு, பேசாது. கண் உண்டு, காணாது. அவற்றைச் செய்தவர்களும் அவற்றைப் போலவே ஆகிவிடுவார்கள் என்ற பொருளில் வருவது. அவர் கொடுக்கும் எண் 113. நம் ஊர்ப் புரோட்டஸ்டண்ட் வீடுகளில் இருக்கும் விவிலியத்தில் அது 115ஆம் சங்கீதம். பழைய லத்தீன் விவிலியத்தின் எண் வரிசையில்தான் அது 113. எண்ணிலேயே அவர் எந்த விவிலியத்தைப் புரட்டியவர் என்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் முக்கியமானது எண்ணல்ல. கருவியை நாம் உருவாக்குகிறோம், பிறகு கருவி நம்மை உருவாக்குகிறது என்று அவருடைய சிந்தனை முழுவதற்கும் அடித்தளமாக உள்ள கருத்து, விக்கிரக ஆராதனை பற்றிய எபிரேயக் கண்டனத்தின் நேரடி வாரிசு. தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பவன் அதன் வடிவை அடைகிறான் என்பதை அவர் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்கவில்லை. வழிபாட்டில் கேட்டார், பிறகு தந்தியிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்.

இந்தச் சோதித்தல் எவ்வளவு கூர்மையாக நடந்தது என்பதற்கு அவர் 1974இல் வழிபாட்டையும் மைக்கையும் பற்றி எழுதிய சிறு கட்டுரை நல்ல சான்று. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வாத்திகன் சங்கத்தை ஒட்டி, கத்தோலிக்கத் திருப்பலி லத்தீனிலிருந்து மக்கள் மொழிகளுக்கு மாறியது. பலிபீடத்தை நோக்கி நின்ற குருவானவர் மக்களை நோக்கித் திரும்பினார். இந்த மாற்றத்தை ஆதரித்தவர்கள் இறையியல் காரணம் சொன்னார்கள். எதிர்த்தவர்களும் இறையியல் காரணம் சொன்னார்கள். மக்லூஹன் இரு தரப்பையும் விட்டுவிட்டு, கோவிலுக்குள் வந்த மைக்கைச் சுட்டிக்காட்டினார். கல்லால் கட்டிய உயர்ந்த கோவிலில், முதுகு காட்டி நிற்கும் குருவானவர் தாழ்ந்த குரலில் முணுமுணுக்கும் லத்தீன், ஒரு திரையைப் போல ஜனங்களுக்கு அவரவர் தனிப்பட்ட தியானத்துக்கு இடம் கொடுத்தது. அதே குரல் ஒலிபெருக்கி வழியாக நாலாபுறமிருந்தும் ஒரே நேரத்தில் காதில் வந்து விழுந்தால் அந்த முணுமுணுப்புக்கு அர்த்தம் போய்விடுகிறது, தூரம் இல்லாமலாகிறது, காதருகே பேசுகிறவர் புரியும் மொழியில் பேசவேண்டும், முகத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு தானாக வருகிறது. லத்தீனை வீழ்த்தியது சங்கம் அல்ல, மைக் என்பது அவர் முடிவு.

இது முழுக்கச் சரியா என்று தெரிந்துகொள்ள நாம் வரலாற்றாசிரியர்களிடம் போகவேண்டும். மக்கள் மொழி வழிபாட்டுக்கான இயக்கத்துக்கு மைக்குக்கு முந்திய வரலாறும் உண்டு. ஆனால் நான் கவனிப்பது வேறு ஒன்றை. வழிபாட்டுக்குள் உட்கார்ந்திருந்தவரால்தான் அந்த மைக்கைப் பார்க்க முடிந்தது. மதத்தை வெளியிலிருந்து ஆராயும் சமூகவியலாளருக்கு அது சுவரில் மாட்டிய ஒரு கருவி. அன்றாடம் அதே குரலைக் கேட்டு மண்டியிட்டவருக்குத்தான் குரலின் தன்மை மாறியது உடலில் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. தம்முடைய திருச்சபை தன் வரலாற்றுத் தீர்மானம் என்று நினைத்துப் பெருமைப்பட்ட ஒன்றை, ஒரு மின்கருவியின் விளைவு என்று சொல்ல அவர் தயங்கவில்லை.

ஆனால் அதே மக்லூஹனிடம் விசுவாசம் தடுமாறும் இடமும் இருக்கிறது. 1964 நூலில், கணினி மொழிகளுக்கு இடையேயான தடைகளைக் கடந்து, பெந்தெகொஸ்தே நாளில் நிகழ்ந்ததைப் போன்ற ஓர் உலகளாவிய புரிதலைக் கொண்டுவரும் வாய்ப்பைப் பற்றிப் பரவசமாக எழுதுகிறார். 1969இல் கத்தோலிக்கத் தத்துவவாதி ழாக் மாரித்தேனுக்கு எழுதிய தனிக் கடிதத்தில், மின்சாரத் தகவல் சூழல் கிறிஸ்துவின் மறையுடலுக்கு ஒரு போலி என்றும், எதிர்க்கிறிஸ்துவின் வெளிப்பாடு என்றும் எழுதுகிறார். வெளியே பரவசம், உள்ளே திகில். மாற்றம் எதையும் தாம் விரும்புவதில்லை, புரிந்துகொள்ளவே முயல்கிறேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தற்காப்பு எனக்குப் போதுமானதாகப் படவில்லை. தம் அச்சத்தை வாசகர் முன் வைத்திருந்தால் வாசகர் அதனோடு வாதிட்டிருக்க முடியும். அதை மறைத்ததால், அவரை மின்னணு யுகத்தின் தீர்க்கதரிசியாகக் கொண்டாடியவர்கள் பாதி மக்லூஹனைத்தான் கொண்டாடினார்கள். விசுவாசத்தைக் கோட்பாட்டின் அடியில் வைப்பதால் வந்த சிக்கல் அல்ல இது; வைத்துவிட்டு மூடியதால் வந்தது.

வால்டர் ஓங் மூடவில்லை. அவர் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தில் மக்லூஹனிடம் படித்தவர். ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் என்ற யேசு சபைக் கவிஞரின் தாளத்தைப் பற்றி அவருடைய வழிகாட்டலில் ஆய்வேடு எழுதியவர். ஓங்கின் பெரும் உழைப்பு 1958இல் வந்த பீட்டர் ரேமஸ் பற்றிய நூல். ரேமஸ் பதினாறாம் நூற்றாண்டுப் பாரிஸின் தருக்க ஆசிரியர். எந்த அறிவையும் இரண்டு இரண்டாகப் பிரித்து, கிளைவிடும் வரைபடமாகப் பக்கத்தில் போட்டுவிடலாம் என்று கற்பித்தவர். இன்று பள்ளிப் பாடநூல்களில் நாம் பார்க்கும் அடைப்புக்குறி அட்டவணைகளுக்கு அவர் ஒரு தாத்தா. அறிவு என்பது இருவர் பேசி அடைவது என்ற நிலை போய், பக்கத்தில் பார்த்து எடுத்துக்கொள்வது என்ற நிலை வந்ததை, உரையாடலின் சிதைவை, ஓங் ரேமஸில் காண்கிறார். இங்கே ஒரு சந்தேகம் எழுவது இயல்பு. ரேமஸ் புரோட்டஸ்டண்டாக மாறியவர். 1572இல் புனித பர்த்தலோமியு நாள் படுகொலையில் கத்தோலிக்கர்களால் கொல்லப்பட்டவர். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு யேசு சபைத் துறவி வந்து, மனித உரையாடலின் சிதைவுக்கு அந்தப் பலியாளையே சான்றாகக் காட்டுகிறார் என்றால், பழைய மதச் சண்டை புதிய உடையில் வந்திருக்கிறது என்றுதானே நினைப்போம்?

நூலுக்குள் போனால் சந்தேகம் கலைகிறது. ரேமஸ் தொடங்கி வைத்தார் என்று ஓங் சொல்லவில்லை. வேர் இன்னும் முன்னூறு ஆண்டுகள் பின்னால், ஸ்பெயினின் பீட்டர் என்று அறியப்பட்ட இடைக்காலத் தருக்கவாதியிடம், அவருடைய பாடநூலை மனப்பாடம் செய்த கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது என்கிறார். அந்த பீட்டர்தான் பிறகு போப்பாண்டவர் இருபத்தொன்றாம் ஜான் ஆனார் என்று நீண்டகாலமாக நம்பப்பட்டு வந்தது. அதாவது, உரையாடலைச் சிதைத்த குற்றத்தின் தடயத்தைத் தேடிப் போன துறவி, தம் வீட்டு வாசலிலேயே வந்து நிற்கிறார். அதை எழுதியும் விடுகிறார். விசுவாசத்தின் மேல் கட்டிய ஆய்வை எப்படி மதிப்பிடுவது என்று என்னைக் கேட்டால் நான் முதலில் தேடுவது இதைத்தான். சான்று தன் வீட்டுப் பக்கம் திரும்பும்போது ஆய்வாளர் என்ன செய்கிறார்?

ஓங்கின் எல்லையும் அவருடைய விசுவாசத்திலிருந்தே வருகிறது. அவருக்குக் குரல் என்பது ஒரு மனித உள்ளத்தின் பிரசன்னம். எழுத்து கல்லறை, பேச்சு உயிர். 1982இல் வெளியாகிப் பரவலாக வாசிக்கப்பட்ட வாய்மொழியும் எழுத்தும் பற்றிய நூலின் இறுதிப் பகுதியில், கிறிஸ்தவ நம்பிக்கையில் தந்தையாகிய இறைவன் தம் வார்த்தையை உச்சரிக்கிறாரே தவிர எழுதுவதில்லை என்பதை அவரே எடுத்துச் சொல்கிறார். ஒலி ஆய்வாளரான ஜோனதன் ஸ்டெர்ன், 2003இல் வெளியிட்ட நூலிலும் 2011இல் எழுதிய கட்டுரையிலும், ஓங்கின் இந்த எதிரிணைகள் வரலாற்று உண்மைகள் அல்ல, இறையியல் என்று வாதிட்டார். காது உள்ளே கொண்டுசேர்க்கும், கண் வெளியே நிறுத்தும் என்பதெல்லாம், எழுத்து கொல்லும் ஆவி உயிர்ப்பிக்கும் என்ற பவுலின் போதனையிலிருந்து இறங்கி வந்தவை என்பது அவர் கட்சி. வலுவான கட்சிதான். ஆனால், 'இது இறையியல்' என்று காட்டிவிட்டாலே 'இது பிழை' என்று காட்டியதாகாது. பிழை எங்கே என்பதை வேறு ஒரு வாய்மொழி மரபைக் கொண்டுவந்து வைத்தால்தான் காட்டமுடியும்.

அந்த மரபு நம் பக்கத்தில் இருக்கிறது. வேதங்கள் எழுத்தின் உதவியின்றிச் சொல்லுக்குச் சொல் மாறாமல் காக்கப்பட்டன என்ற கூற்றை ஓங் ஐயத்துடனேயே பார்க்கிறார். அவருடைய மாதிரியில் வாய்மொழி என்பது நெகிழ்வது, நிகழ்வது, ஒவ்வொரு முறையும் புதிதாவது. பதபாடம், கிரமபாடம், ஜடாபாடம், கனபாடம் என்று சொற்களைப் பிரித்தும் முன்பின்னாகக் கோத்தும் ஓதி ஓர் எழுத்தும் பிசகாமல் காக்கும் பயிற்சி அந்த மாதிரிக்குள் அடங்காது. இது ஒலியாலேயே செய்யப்பட்ட ஆவணக் காப்பகம். ஓதுகிறவருடைய உள்ளம் அதில் வெளிப்படவேண்டும் என்ற அவசியமே இல்லை. பொருள் தெரியாமலும் ஓதலாம். இன்னும் ஒரு படி மேலே போய், மீமாம்சகர்கள் வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, கடவுள்கூட அதன் ஆசிரியர் அல்ல என்றார்கள். பேசியவர் என்று ஒருவர் இல்லாத பேச்சு. குரல் என்றாலே ஒருவருடைய பிரசன்னம் என்று தொடங்கும் ஓங்குக்கு இது எண்ணிப்பார்க்க முடியாத ஒன்று. மீமாம்சகர் ஒருவர் தொடர்பியல் எழுதியிருந்தால், 'யார் யாருக்குச் சொன்னார்' என்று அவர் தொடங்கியிருக்க மாட்டார்.

விசுவாசத்தைக் களைந்துவிட்டால் சுத்தமான, நடுநிலையான தொடர்பியல் கிடைத்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஜேம்ஸ் கேரி 1975இல் எழுதிய கட்டுரையைப் பரிந்துரைப்பேன். தொடர்பாடலை இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்கிறார் கேரி. ஒன்று, செய்தியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடத்துதல். மற்றது, ஒரு சமூகம் கூடித் தன் உலகைத் தானே உருவாக்கிப் பேணும் சடங்கு. காலையில் நாளிதழ் வாசிப்பது தகவல் பெறுவதைவிடத் திருப்பலியில் பங்கெடுப்பதற்கு நெருக்கமானது என்பது அவருடைய உவமை. இரண்டாவது பார்வையின் மத வாசனை வெளிப்படையானது. கட்டுரையின் கூர்மை வேறிடத்தில் இருக்கிறது. முதல் பார்வை, பொறியாளர்களும் விளம்பர நிறுவனங்களும் புள்ளிவிவர ஆய்வாளர்களும் இயல்பாக எடுத்துக்கொண்ட அந்தக் கடத்தல் பார்வையும் மதத்திலிருந்து வந்ததே என்கிறார். நற்செய்தியைக் கடல் கடந்து கொண்டுசேர்ப்பது, இறையரசை விரிவாக்குவது என்ற எண்ணத்தின் மேல்தான் தூரத்தை வெல்வது புண்ணியம் என்ற நவீன நம்பிக்கை நிற்கிறது. 1844இல் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய புகழ்பெற்ற தந்திச் செய்தி, எண்ணாகமத்திலிருந்து எடுத்த வசனம். நமக்கும் இது அந்நியமான கதையல்ல. 1578இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியார் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்'தான் இன்று கிடைக்கும் நூல்களில், இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல். எந்திரம் நம் மொழிக்குள் வந்ததே ஒரு விசுவாசத்தைக் கடத்துவதற்காக.

இங்கே மொழி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் தொடர்பாடலைக் குறிக்கும் சொல்லும், தேவாலயத்தில் அப்பத்தைப் பகிர்வதைக் குறிக்கும் சொல்லும், சமூகம் என்ற சொல்லும் ஒரே லத்தீன் வேரிலிருந்து கிளைத்தவை. கேரிக்குப் பாதி வாதத்தை மொழியே நடத்திக்கொடுத்துவிடுகிறது. நம்மிடம் அவை தகவல் தொடர்பு, நற்கருணை, சமூகம் என்று ஒன்றையொன்று தெரியாத மூன்று சொற்கள். அதிலும் 'தகவல் தொடர்பு' என்று சொன்ன மாத்திரத்தில் நாம் கடத்தல் பார்வையின் பக்கம் போய் நின்றுவிடுகிறோம். இலங்கைத் தமிழர்கள் வழங்கும் 'தொடர்பாடல்' எனக்கு அதனால் பிடித்திருக்கிறது. உரையாடல், கலந்தாடல் என்பவற்றோடு அது ஒரே பாயில் உட்காருகிறது.

எல்யுல் கையாண்ட முறை வேறு. அவர் இரண்டு அலமாரிகளை வைத்துக்கொண்டார். 1954இல் வந்த தொழில்நுட்பம் பற்றிய நூலிலும் 1962இல் வந்த பிரச்சாரம் பற்றிய நூலிலும் வாதங்கள் சமூகவியலுக்குள்ளேயே நடக்கும். கடவுளை ஆதாரமாக அழைப்பதில்லை. அவற்றுக்கு எதிர்க்குரலாக இறையியல் நூல்களைத் தனியே எழுதினார். பிரச்சாரத்துக்கு எளிதில் இரையாவது படிக்காதவன் அல்ல, படித்தவன்தான் என்பது அவருடைய புகழ்பெற்ற முடிவு. நேரில் சோதிக்க முடியாத தகவலை ஏராளமாக உண்பவன் அவன். எல்லாவற்றைப் பற்றியும் கருத்துச் சொல்லவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருப்பவன். தன்னை ஏமாற்ற முடியாது என்று நம்புகிறவன். இதை ஏற்க யாரும் ஞானஸ்நானம் பெறவேண்டியதில்லை. நம் தொலைக்காட்சி விவாதங்களை ஒரு மாலை பார்த்தால் போதும். ஆனால் மனிதனுடைய பகுத்தறிவின் மேல் இவ்வளவு அவநம்பிக்கை கொள்ள ஓர் எழுத்தாளருக்கு எங்கிருந்து துணிவு வந்தது என்று கேட்டால், வீழ்ச்சியடைந்த மனிதன் என்ற சீர்திருத்தச் சபையின் கோட்பாடு பின்னால் தெரியும். அதே நூலில், திருச்சபை பிரச்சாரத்தைக் கையில் எடுத்தால் மிஞ்சுவது கிறிஸ்தவம் அல்ல, இன்னொரு சித்தாந்தம்தான் என்றும் எழுதினார். ஓங்கிடம் கண்ட நேர்மை இவரிடமும் உண்டு. 1981இல் பிம்பத்தால் அவமதிக்கப்பட்ட சொல்லைப் பற்றி அவர் எழுதிய நூலில்தான் அலமாரிகள் கலந்துவிடுகின்றன. பிம்பத்தின் மேல் அவர் காட்டும் கோபம் ஆய்வாளருடையதல்ல. விக்கிரகத்தை உடைக்க வந்தவருடையது. சிலையும் சித்திரமும் சிந்தனையின் ஊடகமாகவே இருந்துவந்த நாட்டில் பிறந்தவனுக்கு அந்த நூலோடு உடன்பட்டு நடக்க முடிவதில்லை.

விசுவாசம் இல்லாமல் இந்த வழியில் யாரும் போனதில்லையா? போயிருக்கிறார். ஹெரால்ட் இன்னிஸ் கனடாவின் பாப்டிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர். போதகராவார் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். முதல் உலகப்போரில் விமியில் காயம்பட்டுத் திரும்பியவரிடம் பழைய விசுவாசம் இல்லை. 1950, 1951ஆம் ஆண்டுகளில் வந்த அவருடைய இரு நூல்கள்தான் மக்லூஹனுக்கே வழி திறந்தவை. அவற்றில் கடவுள் இல்லை. களிமண் பலகையும் நாணலும் காகிதமும் பேரரசுகளும் இருக்கின்றன. இருந்தும், காலத்தைக் கடந்து நிற்கும் ஊடகங்களின் மேல் அவருக்குள்ள ஏக்கத்தைப் படிக்கும்போது, கோவிலை விட்டு வெளியேறியவரின் காதில் மணியோசை மிச்சமிருப்பது தெரிகிறது. இது என் வாசிப்பு.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜார்ஜ் மார்ஸ்டன் 1997இல் ஒரு நூல் எழுதினார். மார்க்சியரும் பெண்ணியவாதியும் தம் நிலைப்பாட்டிலிருந்து ஆய்வு செய்யலாம் என்றால், விசுவாசி மட்டும் தன் விசுவாசத்தைப் பல்கலைக்கழக வாசலில் கழற்றி வைக்கவேண்டுமா என்பது அவர் கேள்வி. கடவுள் நம்பிக்கை இல்லாத வாசகன் என்ற நிலையிலிருந்தே அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்கிறேன். ஆனால் கதவு திறந்திருக்கவேண்டும் என்பதற்கும் சுங்கச்சாவடி கூடாது என்பதற்கும் வித்தியாசம் உண்டு. விசுவாசம் கேள்வியைத் தரலாம். எதைக் கவனிக்கவேண்டும் என்று சொல்லித் தரலாம். மற்றவர் கண்ணில் படாத மைக்கைக் காட்டித் தரலாம். பதிலுக்கான சான்று மட்டும் விசுவாசம் இல்லாதவனும் புரட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் இருந்தாகவேண்டும்.

இதை நான் மேற்கத்தியர்களுக்காகச் சொல்லவில்லை. நம் பக்கத்திலும் இந்த முயற்சி தொடங்கிச் சில பத்தாண்டுகள் ஆகின்றன. இலங்கையரான விமல் திசாநாயக்க ஆசியப் பார்வையிலான தொடர்பியல் கோட்பாடுகளை 1988இல் தொகுத்தார். இலங்கையில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷெல்டன் குணரத்ன, 2005இல் பௌத்த, தாவோயிசக் கருத்துகளைக்கொண்டு இதழியல் கோட்பாட்டைத் திருத்தி எழுதிப் பார்த்தார். நேபாளத்தின் நிர்மலமணி அதிகாரி, பரதரின் நாட்டிய சாஸ்திரத்திலிருந்தும் பர்த்ருஹரியின் வாக்யபதீயத்திலிருந்தும் 'சாதாரணீகரணம்' என்ற மாதிரியை 2003 முதல் வளர்த்து வருகிறார். சொல்பவரும் கேட்பவரும் ஒத்த இதயமுடைய சகிருதயர் ஆவதே தொடர்பாடலின் நிறைவு என்பது அதன் சாரம். கம்பனையோ கர்நாடக இசையையோ தோய்ந்து ரசித்தவர்களுக்கு இது உடனே புரியும். கடத்தல் மாதிரிகளில் இல்லாத ஒரு வெப்பம் இதில் உண்டு. குருவும் சீடனும் போல, ஏற்றத்தாழ்வு உள்ளவர்களுக்கு இடையிலும் இந்த ஒத்த இதயம் சாத்தியம் என்று அந்த மாதிரி சொல்லும்போதுதான் நான் நின்றுவிடுகிறேன்.

யார் சகிருதயர் ஆகலாம் என்று யார் முடிவு செய்தார்கள்? கௌதம தர்மசூத்திரம், வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொல்கிறது. சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் அதை ஆதாரமாக எடுத்தாள்கிறார். கேட்பதைப் பற்றிய ஒரு கோட்பாடு இந்த மரபிலிருந்து எழவேண்டுமானால், இந்த ஈயத்தைப் பற்றிய அத்தியாயமும் அதில் இருந்தாகவேண்டும். ஓங் ஸ்பெயினின் பீட்டரிடம் போய் நின்றது போல.

அந்த அத்தியாயத்துக்கான பொருள் தமிழ்நாட்டிலேயே கிடக்கிறது. ஜான் டர்ஹம் பீட்டர்ஸ் தம் நூலில் இரண்டு ஆசிரியர்களை எதிரெதிரே நிறுத்துகிறார். தகுதியுள்ள ஒருவனோடு நேருக்கு நேர் பேசவேண்டும் என்னும் சாக்ரடீஸ் ஒருபுறம். பாதையோரம், பாறை, முள், நல்ல நிலம் என்று பாராமல் விதையை வீசிச் செல்லும் விதைப்பவனின் உவமையைச் சொன்ன இயேசு மறுபுறம். பின்னதே பெருந்தன்மையானது என்பது பீட்டர்ஸின் வாதம். வைணவ மரபு சொல்லும் கதையில் இராமானுசர் திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று, யாருக்கும் சொல்லக்கூடாது என்று தம் குரு கட்டளையிட்ட மந்திரத்தின் பொருளைக் கீழே திரண்டிருந்தவர் அனைவருக்கும் உரக்கச் சொன்னார். நரகம் கிடைத்தாலும் எனக்கு மட்டும்தானே என்றாராம். அதே இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில், வேதம் கற்கும் அதிகாரம் சூத்திரருக்கு இல்லை என்ற இடத்தில் சங்கரரோடு உடன்படுகிறார். கோபுரத்தில் நின்றவரும் உரை எழுதியவரும் ஒருவரே. இந்த இருவரையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதத் துணிகிற விசுவாசி ஒருவரின் நூல் வந்தால், வரிசையில் முதலில் நின்று வாங்குவேன்.